முத்திரை சரி, சாவி யார் கையில்?



மலாய் மொழியில் புலாவ் என்றால் தீவு. ஆனால் புலாவ் செபாங் நிலையத்தில் இரயிலை விட்டு இறங்குகிற புதியவர் கடலைத் தேடினால் கிடைக்காது. மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், நெகிரி செம்பிலானின் தம்பின் பட்டணத்தை ஒட்டி, தரை நடுவே இருக்கிறது அந்த ஊர். இரயில் நிலையத்திற்கும் புலாவ் செபாங், தம்பின் என்று இரண்டு பெயர். ஊர்க்காரர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. வெளியூரிலிருந்து வருகிறவர்தான், "தீவு எங்கே?" என்று கேட்பார். பெயரை மட்டும் வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டியதில்லை. இன்றைய பேச்சின் பொருளும் அதுதான். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் வந்து சேரும் மென்பொருள், அதன் பெயர் சொல்கிற இடத்திலிருந்துதான் வந்ததா? அதை எப்படிச் சோதிப்பது?

இது படித்தவர்களின் கவலை, தோட்டத்துப் பாட்டிக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அந்தப் பாட்டியிடமிருந்தே தொடங்கலாம்.

கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில்

முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவி, ஊழியர் சேமநிதியில் வந்த பணத்தை வங்கியில் போட்டு வைத்திருக்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பார்க்கலாம். மகன் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசி. அதில் வாட்சாப். ஒரு நாள் தங்கை மகனின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வருகிறது: "கல்யாணப் பத்திரிகை, திறந்து பாருங்கள்." பாட்டி மகிழ்ச்சியோடு அழுத்துகிறார். ஏதோ கேள்வி கேட்கிறது. "சரி" என்று அழுத்துகிறார். இன்னொரு கேள்வி. அதற்கும் "சரி".

வந்தது பத்திரிகைப் படம் இல்லை. பெயரின் கடைசியில் ஏ.பி.கே என்ற மூன்று எழுத்து இருக்கும். ஆண்டிராய்டு தொலைபேசியில் ஒரு செயலியை நிறுவுகிற பொட்டலம் அது. பாட்டி "சரி" சொன்ன ஒரு கேள்வி, "இந்தச் செயலி உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா?" என்பது. அடுத்து, வங்கியின் பக்கம் போலவே ஒன்றைக் காட்டி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக் கொள்வார்கள். வங்கி அனுப்பும் டேக் எண் பாட்டியின் கண்ணில் படுவதற்கு முன்பே திருடன் கைக்குப் போய்விடும். தங்கை மகனின் எண்ணிலிருந்து ஏன் வந்தது? அவன் தொலைபேசி முன்பே இவர்களிடம் சிக்கியிருக்கும்.

இது கற்பனைப் பாட்டிதான். ஆனால் இந்த வித்தை கற்பனை இல்லை. கல்யாண அழைப்பு ஏ.பி.கே பற்றி அரச மலேசியப் போலீஸ் படை 2023-ஆம் ஆண்டிலேயே பொதுமக்களை எச்சரித்தது. அதற்கு முன் 2022 ஏப்ரலில், ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் மலேசியர்களைக் குறி வைத்த போலி இணையக் கடைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. வீட்டுத் துப்புரவுச் சேவை, செல்லப்பிராணிக் கடை என்ற பெயரில் அவை இருந்தன. கூகுள் பிளே பொத்தான் போலவே ஒன்று இருக்கும். அழுத்தினால் செயலி கூகுளிடமிருந்து வராது, திருடனின் கணினியிலிருந்து வரும். பணம் கட்டும் பக்கத்தில் நம் நாட்டின் எட்டு வங்கிகளின் பெயர் வரிசையாக இருக்கும். எதைத் தொட்டாலும் கடவுச்சொல் திருடனுக்குத்தான்.

இங்கே எழுகிற கேள்வி ஒன்றுதான். அந்தப் பொட்டலம் யாரிடமிருந்து வந்தது என்பதைத் தொலைபேசி ஏன் கண்டுபிடிக்கவில்லை? பொட்டலத்தில் முத்திரையே இல்லையா? இருந்தது, நேயர்களே. அதுதான் வேடிக்கை.

பால் கொட்டகையில் கற்ற பாடம்

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். காலையில் சீவிய பாலை வாளியில் தூக்கிக் கொண்டு கொட்டகைக்கு வருவார்கள். கிராணி எடை பார்ப்பார். எடையோடு விட்டுவிட மாட்டார். தண்ணீர் கலந்தாலும் பால் வெள்ளையாகத்தான் தெரியும், எடையும் கூடும். ஆகவே மெட்ரோலாக் என்ற கருவியை விட்டு, உள்ளே ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். பிறகு இன்னாருடைய பால், இவ்வளவு எடை என்று கணக்கில் எழுதி வைப்பார்.

அங்கே கேள்வி இரண்டு. உள்ளே இருப்பது கலப்படம் இல்லாததா? இது யாருடையது? மென்பொருள் சோதனையிலும் இந்த இரண்டு கேள்விகள்தான்.

முதல் கேள்விக்கு மெட்ரோலாக் போல ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்.எச்.ஏ-256 என்பது அதன் பெயர். எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் அதை அரைத்துப் பிழிந்து 64 எழுத்தாகவும் இலக்கமாகவும் கொடுத்துவிடும். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த 64-ம் அடையாளம் தெரியாமல் மாறிப் போகும். ஆகவே அதைக் கோப்பின் கைரேகை என்று சொல்வார்கள்.

ஆனால் கைரேகை மட்டும் போதாது. கோப்பை மாற்றி வைக்கத் தெரிந்த திருடனுக்கு, அதே இணையப் பக்கத்தில் எழுதியிருக்கும் கைரேகையையும் மாற்றி எழுதத் தெரியாதா? பாலில் தண்ணீர் கலந்தவனே கணக்குப் புத்தகத்தையும் திருத்தினால் யார் என்ன செய்வது? ஆகவேதான் இரண்டாவது கேள்வி வருகிறது: கணக்கில் கையெழுத்துப் போட்டவர் யார்?

இரண்டு சாவி, ஒரு ஜோடி

காகிதத்தில் போடும் கையெழுத்தைப் பார்த்துப் பழகினால் போட்டுவிடலாம். ரப்பர் முத்திரையின் மாதிரி கிடைத்தால் சந்தைக் கடையில் வெட்டிக் கொடுப்பார்கள். கணினிக் கையெழுத்து அப்படிப்பட்டதில்லை.

மென்பொருளை வெளியிடுகிறவர் இரண்டு சாவிகளை ஜோடியாக உண்டாக்குகிறார். ஒன்று இரகசியச் சாவி. அதை யாருக்கும் காட்டக் கூடாது. மற்றது பொதுச் சாவி. அதை ஊர் முழுக்கக் கொடுக்கலாம், கோயில் சுவரில்கூட ஒட்டலாம். இரகசியச் சாவியால் கையெழுத்துப் போட மட்டும் முடியும். பொதுச் சாவியால் அந்தக் கையெழுத்து சரியா என்று சோதிக்க மட்டும் முடியும். சோதிக்கத் தெரிந்தவரால் போட முடியாது. அதுதான் இதன் மகிமை. மேலும், கோப்பின் கைரேகையைச் சேர்த்துக் கணக்குப் போடுவதால், ஒவ்வொரு கோப்புக்கும் கையெழுத்து வேறு வேறாக வரும். ஒரு கோப்பில் இருந்ததை வெட்டி இன்னொன்றில் ஒட்ட முடியாது.

இது எப்படி முடிகிறது? ஆர்.எஸ்.ஏ என்ற முறை 1977-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மூன்று பேர் கண்டுபிடித்தது. அடிப்படை மிக எளியது. 61-ஐ 53-ஆல் பெருக்குங்கள் என்றால் ஆரம்பப் பள்ளி மாணவன் 3233 என்று சொல்லிவிடுவான். 3233 எந்த இரண்டு எண்களைப் பெருக்கி வந்தது என்று திருப்பிக் கேட்டால் அப்பாவே தாளை எடுத்துக் கொண்டு உட்கார வேண்டும். எண் பெரிதாகப் பெரிதாகப் பெருக்குவது சுலபமாகவே இருக்கும். பிரிப்பது மலையைப் புரட்டுவதாகிவிடும். அந்தச் சிரமத்தின் மேல்தான் இந்த முறை உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கைச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டு வந்தவர் பில் சிம்மர்மன். 1991-இல் பி.ஜி.பி என்ற மென்பொருளை வெளியிட்டார். 1999-இல் ஜெர்மனியின் வெர்னர் கோக், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக் கூடிய குனூபிஜி மென்பொருளின் முதல் முழுப் பதிப்பைக் கொடுத்தார். டெபியன், உபுந்து போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் இதன் மேல்தான் பாதுகாப்பைக் கட்டின. 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0 பதிப்பிலிருந்து, பொட்டலங்களின் பட்டியலில் கையெழுத்து இருக்கிறதா என்று கணினி தானாகவே பார்க்கிறது. பட்டியலில் ஒவ்வொரு பொட்டலத்தின் கைரேகையும் இருக்கும். பட்டியலுக்குக் கையெழுத்து, பட்டியலுக்குள் கைரேகை, கைரேகைக்குப் பொட்டலம் என்று ஒரு சங்கிலி. நடுவில் எந்த வளையத்தைத் தொட்டாலும் கணினி நிறுத்திவிடும்.

அந்தச் சங்கிலியைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? 2016 பிப்ரவரி 20-ஆம் நாள் லினக்ஸ் மின்ட் இணையத்தளத்திற்குள் யாரோ புகுந்து, இறக்கும் சுட்டியைத் திருப்பிவிட்டார்கள். அன்று அந்தச் சுட்டி வழியாக 17.3 சின்னமன் பதிப்பை இறக்கியவர்களுக்குக் கிடைத்தது, பின்வாசல் வைத்த போலி வட்டு. தளம் அசல், பெயர் அசல், படம் அசல். வட்டு மட்டும் போலி. கையெழுத்தைச் சோதித்தால் இப்படிப்பட்ட போலி அங்கேயே அகப்பட்டுவிடும்.

மார்டியின் பெயரில் ஒரு வைரஸ்

வெளிநாட்டுக் கதை போதும். நம் நாட்டில் நடந்ததைப் பார்க்கலாம்.

1997-ஆம் ஆண்டிலேயே இலக்கவியல் கையொப்பச் சட்டம் இயற்றிய நாடு மலேசியா. அது 1998 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் உரிமம் பெற்றுச் சான்றிதழ் வழங்கிய நிறுவனம் டிஜிசர்ட் செண்டிரியான் பெர்ஹாட். இதே பெயரில் அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் இருக்கிறது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கேயும் ஒரு புலாவ் செபாங் கதை.

சான்றிதழ் என்பது என்ன? "இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது" என்று மூன்றாவது ஆள் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சாட்சிக் கடிதம். மைகார்டுக்கு அரசாங்கம் போல.

2011 நவம்பர் 3-ஆம் நாள், பயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. டிஜிசர்ட் செண்டிரியான் பெர்ஹாட் வழங்கிய 22 சான்றிதழ்களில் வலுக்குறைந்த சாவிகள் இருந்தன என்றும், அந்த நிறுவனத்தின் மேல் வைத்த நம்பிக்கையை நீக்குவதாகவும் சொன்னது. ஒரு வாரத்தில், நவம்பர் 10-ஆம் நாள், மைக்ரோசாப்டும் அதே முடிவுக்கு வந்தது.

குறை என்ன? சாவியின் நீளம் 512 பிட். அதாவது சுமார் 155 இலக்கம் கொண்ட எண். கேட்பதற்கு மிகப் பெரிதுதான். ஆனால் அந்த அளவு எண்ணை ஆராய்ச்சியாளர்கள் 1999 ஆகஸ்டிலேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உடைக்கக் கற்றுக் கொண்ட பூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னொரு குறையும் இருந்தது. அந்தச் சான்றிதழ்களில், இது இணையத்தளத்திற்கு மட்டும், வேறு வேலைக்கு ஆகாது என்ற வரி எழுதப்படவில்லை. எந்தத் தொழில் என்று எழுதாமல் கடை லைசென்ஸ் கொடுத்தது போல. கெட்டுப் போனால் இரத்துச் செய்வதற்கான விவரமும் அவற்றில் இல்லை.

சில நாள் கழித்து இதன் பலன் தெரிந்தது. நவம்பர் 14-ஆம் நாள் பின்லாந்தின் எப்-செக்யூர் நிறுவனம் ஒரு தீய மென்பொருளைப் பற்றிச் சொன்னது. அடோபி ரீடர் 8-இன் ஓட்டையைப் பயன்படுத்தும் பி.டி.எப் கோப்புகள் வழியாகப் பரவிய அதன் மேல் முறையான கையெழுத்து இருந்தது. கையெழுத்துக்குரியவர் யார் என்று பார்த்தால், மார்டி, மலேசிய விவசாய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம்!

நெல் ரகமும் எக்ஸோடிக்கா பப்பாளியும் கொடுத்த கழகம் வைரஸ் எழுதவில்லை. அதன் இணையத்தளத்திற்குக் கொடுத்த சான்றிதழின் இரகசியச் சாவி வேறு யார் கைக்கோ போயிருந்தது. அது வெகு நாளுக்கு முன்பே திருடப்பட்டது என்று மலேசிய அதிகாரிகள் சொன்னதாக எப்-செக்யூர் தெரிவித்தது. நெதர்லாந்தின் பாக்ஸ்-ஐ.டி ஆய்வாளர்களோ, இப்படித் தவறாகப் பயன்படுத்தப்பட்ட 512 பிட் சாவிகளைக் கணக்குப் போட்டே உடைத்திருக்கலாம் என்றார்கள். எப்படிப் போனாலும் முடிவு ஒன்றுதான். கையெழுத்து இல்லாத மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கினால் விண்டோஸ் எச்சரிக்கும். கையெழுத்து இருந்தால் அந்த எச்சரிக்கை வராமல் போகும். திருடன் அதைத்தான் விரும்பினான். கணினி பொய் சொல்லவில்லை. "இது மார்டியின் சாவியால் போட்ட கையெழுத்து" என்று உண்மையைத்தான் சொன்னது. சாவி யார் கையில் இருக்கிறது என்பது கணினிக்கு எப்படித் தெரியும்?

கை மாறாவிட்டாலும் மனம் மாறினால்

சாவியைத் திருடாமலும் கெடுக்கலாம். எக்ஸ்.இசட் என்பது லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் ஒரு சிறு மென்பொருள். ஒருவரே தனியாகப் பராமரித்து வந்த அதில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். கையெழுத்துப் போடும் உரிமையும் வந்தது. 2024-இல் வந்த பதிப்புகளில் பின்வாசல் ஒன்றை ஒளித்து வைத்தார். கையெழுத்து சரி, சாவி சரி, ஆளும் அதே ஆள். எண்ணம்தான் வேறு. அந்த மார்ச் 29-ஆம் நாள் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் இதை வெளியிட்டார். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியவர் அவர். கையெழுத்துச் சோதனை கண்டுபிடிக்காததை ஒரு மனிதரின் சந்தேகம் கண்டுபிடித்தது.

ஆகவே கையெழுத்து சொல்வது என்ன, சொல்லாதது என்ன என்று தெளிவாக இருக்க வேண்டும். இந்தச் சாவியால் போட்டது, போட்ட பிறகு யாரும் மாற்றவில்லை என்பது வரைதான் அது சொல்லும். போட்டவர் நல்லவரா என்று சொல்லாது. சாவி உரியவர் கையில்தான் இருக்கிறதா என்றும் சொல்லாது.

பாட்டியின் தொலைபேசியில் நடந்ததும் இப்போது விளங்கும். ஆண்டிராய்டில் கையெழுத்து இல்லாமல் எந்தச் செயலியும் ஏறாது. ஆனால் அந்தச் சாவியை யார் வேண்டுமானாலும் தாமே உண்டாக்கிக் கொள்ளலாம். யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. முதல் முறை எந்தச் சாவியோடு ஏறியதோ, அதே சாவியோடு வந்தால்தான் புதிய பதிப்பை ஏற்கும். அதனால் அசல் வங்கிச் செயலியின் மேல் போலியை ஏற்ற முடியாது. ஆனால் புதிதாக ஒரு "கல்யாணப் பத்திரிகை" வந்தால், அதற்கு முன் பழக்கமே இல்லையே! முதல் சந்திப்பில் வாசலில் நிற்பவர் யார் என்பதை வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

தரகர் சொன்னால் போதுமா?

பெண் பார்க்கப் போகும் வீட்டில் தரகர் சொன்னதை மட்டும் நம்பி யாரும் தாலி கட்டுவதில்லை. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தில், பக்கத்து லயத்தில், உறவினரிடத்தில் தனித்தனியாக விசாரிப்பார்கள். சாவி விஷயமும் அதுதான். பொதுச் சாவிக்கும் நாற்பது எழுத்துக் கைரேகை உண்டு. மென்பொருளை இறக்கிய அதே பக்கத்தில் இருக்கும் சாவியை மட்டும் நம்புவது, தரகரிடமே தரகரைப் பற்றிக் கேட்பதாகும். வேறு வழியில், வேறு இடத்தில், முடிந்தால் நேரில் அந்தக் கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கணினி கற்கும் பிள்ளைகள், பள்ளிக் கணினிக் கூடத்தைப் பார்த்துக் கொள்ளும் ஆசிரியர்கள், கணினி பழுது பார்க்கும் கடைக்காரர்கள் இதைப் பழக்கமாக்கிக் கொள்ளலாம். மென்பொருளை உருவாக்கியவரிடமிருந்தே இறக்க வேண்டும். கையெழுத்தைச் சோதித்த பிறகே நிறுவ வேண்டும். "கையெழுத்து பொருந்தவில்லை" என்று கணினி சொன்னால், அதைத் தள்ளிவிட்டு மேலே போகும் கட்டளையைத் தேடக் கூடாது. கொட்டகையில் மெட்ரோலாக் கோணலாகக் காட்டினால் கருவியை உடைப்பார்களா, பாலைப் பார்ப்பார்களா?

வீட்டில் இருப்பவர்களுக்கு இவ்வளவு வேண்டாம். வாட்சாப்பில் யார் அனுப்பினாலும், மகனே அனுப்பினாலும், ஏ.பி.கே என்று முடிவதைத் திறக்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகை என்றால் படமாக வரும், அல்லது வெற்றிலைப் பாக்கோடு வீட்டுக்கு வரும். சந்தேகமாக இருந்தால் அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் குரலைக் கேட்டுவிட வேண்டும். பிள்ளைகள் பெற்றோரின் தொலைபேசியில், தெரியாத இடத்துச் செயலிகளை நிறுவும் அனுமதியை மூடி வைக்க வேண்டும். டேக் எண் குறுஞ்செய்தியில் வருவதிலிருந்து விலகும்படி பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னதன் காரணமும் இந்தத் திருட்டுதான். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல், உடனே வங்கியையோ, 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும். பணம் கை மாறும் வழியில் இருக்கும்போதே தடுத்தால்தான் உண்டு. ஏமாந்தது வெட்கம் என்று மறைப்பவர்கள் திருடனுக்கு நேரம் கொடுக்கிறார்கள்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் கணினி இல்லை. ஆனால் தங்கை மகன் பெயரில் வாசலில் வந்து நிற்பவன் அன்றும் இருந்திருப்பான் போலும். கதவைத் திறக்கும் முன் "யாரப்பா?" என்று கேட்டுக் குரலை அடையாளம் கண்ட பிறகு தாழ்ப்பாளை எடுக்கும் பழக்கம் நம் பாட்டிமார்களுக்குப் புதிதில்லை. கைத்தொலைபேசிக்கும் அதே தாழ்ப்பாள்தான்.